நண்பன் கொடுத்த மாத்திரை பற்றி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

நேர்முகத் தேர்வில் கை நடுங்காமலிருக்க நண்பன் கொடுத்த ப்ரொப்ரனலால் மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டதாக நேற்று நீ சொன்னபோது, "இனி அதைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லாமல் தடுத்தால் நீ கேட்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்; அதனால்தான் இந்தக் கடிதம்.

பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இரத்தத்தோடு உடலெங்கும் போனாலும், தன்னைப் பிடித்துக்கொள்ளும் இடமான ஏற்பி உள்ள செல்லில்தான் வேலை செய்யும். அந்த ஏற்பிகளில் பீட்டா 1 பெரும்பாலும் இதயத்தில் இருந்துகொண்டு துடிப்பை விரைவாக்குகிறது. பீட்டா 2 மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தி வழியை விரிக்கிறது. உன் இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் அந்த இரண்டாவதைத் தூண்டித்தான் உன் இழுப்பைத் தணிக்கிறது.

ப்ரொப்ரனலால் எதையும் தூண்டுவதில்லை. புதுச்சேரிப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி ஏற்பியில் கிடக்கும். தானும் வேலை செய்யாது, பிறரையும் உட்கார விடாது. கூட்டம் நெருக்கினால் துண்டு நகர்வதைப்போல, சால்பியூட்டமாலின் அளவு கூடினால் இந்தத் தடையும் ஓரளவு விலகும் என்றாலும், மூச்சு முட்டும் நேரத்தில் அந்தப் போட்டியை நம்பி இருக்க முடியாது. இது இரண்டு வகை இருக்கையிலும் துண்டு போடும் மருந்து என்பதுதான் சிக்கல்.

நான்காம் வகுப்பில் இன்ஹேலர் இழுத்த கையோடு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால், உன் விரல்கள் நடுங்கி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். தசையிலும் பீட்டா 2 இருப்பதால் வந்த நடுக்கம் அது. இப்போது உன் கையை அடக்கியதும் அதே வகை ஏற்பி அடைபட்டதுதான். கைக்கு நல்லது செய்த அதே செயல் உன் மூச்சுக்குழாயில் ஆபத்தாகிறது.

மருந்தின்மேல் குற்றமில்லை. நெஞ்சுவலிக்காரர்களின் இதயச் சுமையைக் குறைக்க 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதை உருவாக்கினார். 1988-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பின்னால் வந்த அட்டினலால், மெட்டோப்ரலால் போன்றவை பீட்டா 1 பக்கம் சாய்ந்தவை. ஆனால் அளவு கூடக் கூட அந்தச் சாய்வும் குறைந்துவிடும் என்பதால், அவற்றையும் நீயாக வாங்கிவிடாதே. "சைடு எஃபெக்ட் இல்லாத மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கடையில் கேட்பவர்களிடம் முப்பது ஆண்டுகளாக நான் திருப்பிக் கேட்டது, "உங்களுக்கு வேறு என்ன தொந்தரவு இருக்கிறது?" என்பதுதான். உன் நண்பன் அதைக் கேட்கவில்லை.

இதைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டே முறை போட்ட உனக்கு அந்தக் கவலை இல்லை. மீதி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருத்துவரிடம் இழுப்பு உண்டு என்பதை முதலில் சொல்லி, நடுக்கத்துக்கு வழி கேள். இன்ஹேலரின் காலாவதித் தேதியைப் பார்த்து இன்றே எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா