காக்கைக்கு மட்டும் 'அருகிலுள்ள' பள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப் பள்ளிகளை இணைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் 'அருகிலுள்ள பள்ளி' என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை?

எங்கள் ஊர்ப் பள்ளியை எதனோடு இணைக்கப் பேச்சு அடிபடுகிறதோ, அந்த 'அருகிலுள்ள' பள்ளி நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்ட விதி சொல்லும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுமாம். நேராகப் பறக்கும் காக்கைக்கு அடங்கும். சுரங்கப்பாதை வழியாகச் சுற்றி என் பேத்தியோடு நடந்து பார்த்தேன். 35 நிமிடம் ஆயிற்று. மழை பெய்தால் அந்தப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். என் முழங்கால், அவளுக்கு இடுப்பு.

எண்ணிக்கை குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறைத்தது யார்? ஈராசிரியர் பள்ளி. அதில் ஓர் ஆசிரியையை 'மாற்றுப்பணி' என்று சொல்லி மூன்று ஆண்டு வேறெங்கோ அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்ற அரசின் இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றிக்கொண்டு, கூட்டங்களுக்கும் போய்வந்தார். இந்தப் பக்கம் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவதும் அரசுதான். மஞ்சள் வேன் வாசலுக்கே வருகிறது. எல்லாம் நடந்த பிறகு எங்களிடம் வந்து தலை எண்ணுகிறார்கள்.

1958-இல் தொடங்கி, அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று, பள்ளிக்கு வேண்டியதை ஊராரே கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஊரும் அப்போது தன்னால் ஆனதைக் கொடுத்தது. ஒருவர் பெஞ்சு, ஒருவர் சுவர்க் கடிகாரம். என் தகப்பனார் கொடுத்தது மணியடிக்க ஒரு தண்டவாளத் துண்டு. வேப்பமரத்தில் இன்னும் தொங்குகிறது; அடித்து அடித்து நடுவில் பளபளவென்று ஒரு குழி. இப்போது அதுவும் 'தளவாடப் பொருள்' பட்டியலில் ஏறியிருக்கிறது.

1981-இல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு மிஞ்சியது 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகை மட்டும். 2018-இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியையே எடுத்தார்கள்; நான்காண்டு கழித்துத் தொடக்கக் கல்விக்கு மறுபடியும் தனி அலுவலர். இந்த இடமாற்றத்தில் நாங்கள் கொடுத்த மனு எந்த பீரோவில் உறங்குகிறதோ!

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பீர்கள். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் இருபத்து நான்கு பேர் கொண்ட குழு. என் மருமகளும் உறுப்பினர்தான். தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும். தீர்மானம் முன்பே எழுதியிருக்கும். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். அடுப்பில் உலை கொதிக்கும்போது நின்றபடியே போட்டுக் கொடுப்பாள். அக்டோபர் 2 கிராம சபையில் நானே எழுந்து பள்ளியைப் பற்றிக் கேட்டேன். "இது நம்ம அதிகாரத்தில் வராது" என்று பதில் வந்தது. அரசமைப்பின் பதினோராவது அட்டவணையில் தொடக்கப் பள்ளியும் ஊராட்சிகளுக்கு உரியதாக இருக்கிறதே என்றேன். அடுத்த பொருள் குடிநீர் என்று அறிவித்துவிட்டார்கள்.

பள்ளியை வேண்டுமென்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாமென்று தீர்மானிப்பதற்கு மட்டும் எங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது.

இதையெல்லாம் அச்சிட இடமிராது என்பது தெரியும். இந்த ஒன்றையாவது வெளியிடுங்கள்: இணைப்பதுதான் முடிவென்றால், காலை எட்டேகாலுக்கு எங்கள் ஊர் விலக்கில் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸை அங்கே இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பதினான்கு பிள்ளைகள். ஏறுவதற்கு அதிக நேரமாகாது.

இப்படிக்கு,
அப்பள்ளியின் பழைய மாணவன்,
விருதுநகர் மாவட்டம்.