2024 வேட்டைப் பருவம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே, இந்தக் குளிரிலும் வந்திருக்கும் குடும்பத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஓகஸ்டில் மட்டும் கலியாண வீடுகளும் கோயில் திருவிழாக்களும் ஒன்றாக வந்ததால் ஆள் சேரவில்லை, ஒத்திவைத்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் இங்கே கனடாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேட்டைக் கல்வி வகுப்பு, துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு இரண்டையும் முடித்து, வேட்டைக்கான அரச அட்டையான வெளிக்கள அட்டையும் எடுத்த பிறகே அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போவது என்ற விதியை இந்த வருடமும் தளர்த்தவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே என்னுடைய நேரத்தின் பெரும்பகுதியை டிசம்பர் மான் வேட்டைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வருடக் கூட்டங்களில் அதிகம் கதைத்ததும் அதிகம் சண்டை பிடித்ததும் அதைப் பற்றித்தான்.

நவம்பரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வாரத் துப்பாக்கி வேட்டைக்குப் போனவர்களில் சிலருக்கு மான் கிடைத்தது, பலருக்கு வெறுங்கை. நடு மாதத்தில் அம்பு வேட்டைக்குப் போனவர்கள் கொம்பன்கள், அதாவது ஆண்மான்கள், பட்டப்பகலில் தலைகால் தெரியாமல் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அது வருடாவருடம் நடப்பது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் இளம் அங்கத்தவர்கள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் ‘இரண்டாவது ரட்’, அதாவது இரண்டாவது இணைசேரும் காலம், வரும், நவம்பர் மாதிரியே கொம்பன்கள் மோதுவதுபோல் கொம்பைத் தட்டி, அவற்றைப்போல் உறுமும் குழலை ஊதினால் கொம்பன் ஓடி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர்கள் அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி.

வெள்ளைவால் மான் எப்போது இணைசேரும் என்பதைத் தீர்மானிப்பது குளிரோ பனியோ அல்ல, பகல் குறுகுவது. அதனால்தான் நவம்பர் சூடாக இருந்தாலும் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் தெற்கில் உச்சம் நடு மாதத்தை ஒட்டியே வருகிறது. வெப்பம் கூடினால் பகல் நடமாட்டம் குறையும், அவ்வளவுதான். ஒரு பெண்மான் கொம்பனை ஏற்கும் காலம் ஏறக்குறைய ஒரு நாள். அதற்குள் சினைப்படாவிட்டால் சுமார் 28 நாள் கழித்து மறுபடி அந்த நிலைக்கு வரும். நடு நவம்பரோடு 28 நாளைக் கூட்டினால் டிசம்பர் நடுப்பகுதி. பெடியள் பிடித்துக்கொண்டு நின்ற கணக்கு இதுதான், கணக்கில் பிழையில்லை. ஆனால் வளர்ந்த பெண்மான்களில் பெரும்பாலானவை நவம்பரிலேயே சினைப்பட்டுவிடும். டிசம்பரில் மிஞ்சுவது தப்பிப்போன ஒன்றிரண்டும், அந்த வருடம் ஜூனில் பிறந்த பெண்குட்டிகளும்தான். சோளமும் சோயாவும் நிறையத் தின்று உடம்பு வைத்த குட்டி, ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். தீனி குறைந்த வடக்குக் காடுகளில் அது அரிது. ஆகவே தென்மேற்கு விவசாயப் பகுதியில் இரண்டாவது ரட் ஓரளவு கண்ணில் படும். வடக்கே பரி சவுண்ட் பக்கம் போய் அதற்காகக் காத்திருந்தால் கால்விரல்தான் விறைக்கும்.

இலங்கையின் வன்னியில் வளர்ந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் கூட்டத்தில் எழும்பி, “அங்கை புள்ளிமானுக்கு இப்படிக் கலண்டர் இல்லை தம்பி, எந்த மாதம் பார்த்தாலும் ஒன்று கொம்போடை நிக்கும், ஒன்று கொம்பு விழுந்து நிக்கும்” என்றார். உண்மைதான். பூமத்திய ரேகைக்குக் கிட்ட பகலின் நீளம் பெரிதாக மாறாது. புள்ளிமான் வருடம் முழுவதும் குட்டி போடும். இங்கே அப்படி முடியாது. சினைக்காலம் சுமார் 200 நாள். நடு நவம்பரில் சேர்ந்தால் ஜூன் தொடக்கத்தில் குட்டி, புல் தளைத்திருக்கும். டிசம்பர் நடுவில் சேர்ந்தால் ஜூலை. ஒரு மாதம் பிந்திய அந்தக் குட்டி அடுத்த பனிக்காலத்துக்குள் சின்ன உடம்போடுதான் நுழையும்.

இனி, டிசம்பரில் கொம்பன் என்ன செய்கிறது? ரட் காலத்தில் அது ஒழுங்காகத் தின்னாது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவேளை நாலில் ஒரு பங்குகூடப் போய்விடும். சண்டையில் பட்ட காயமும் இருக்கும். முன்னே முழுப் பனிக்காலமும் கிடக்கிறது. இந்த நிலையில் அதற்கு முதலில் தேவை தீனியும் காற்றுப் படாத படுக்கையும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு மிரண்டிருப்பதால் வெளிச்சத்தில் வெளியே வரவும் யோசிக்கும். ஆனால் பக்கத்தில் பருவமான குட்டி ஒன்று இருந்தால் அந்த நாளில் தீனியை மறந்துவிடும். என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: டிசம்பரில் கொம்பனைத் தேடாதீர்கள், பெண்மான்கள் எங்கே தின்கின்றன என்று தேடுங்கள். ரட் இருந்தாலும் கொம்பன் அங்கேதான் வரும், இல்லாவிட்டாலும் பசிக்கு அங்கேதான் வரும்.

கிறே கவுண்டியில் எங்களுக்கு அனுமதியுள்ள ஒரு பண்ணையில் இதைக் கண்ணால் பார்த்தோம். அறுவடை செய்யாமல் விட்ட சோளக் கீற்று ஒன்று, அதன் வடக்கே சீடர் மரச் சதுப்பு. கடும் குளிர்க்காற்று வந்து இறங்கிய மறுநாள் பின்னேரம், எங்கள் தம்பி ஒருவர் கிராஸ்போ என்ற குறுக்குவில்லோடு கீற்றின் கிழக்கு ஓரத்தில் இருந்தார். பெண்மான்களும் குட்டிகளும் வந்து பனியைக் காலால் கிளறிச் சோளக்கதிரைத் தின்றன. பெரியவை குட்டிகளை முன்காலால் அடித்து விலத்தின. பிறகு சதுப்பிலிருந்து கொம்பன் வந்தது, ஒரு பக்கக் கொம்பு முறிந்தது. சோளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூக்கை நிலத்தில் வைத்து ஒரு குட்டியின் தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது. அந்தக் குட்டி மூத்திரம் பெய்த பனியை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டி நின்றது. கொம்பனின் பின்கால் உள்மடிப்பு மயிர் கறுத்து நனைந்திருந்தது. டிசம்பரிலும் அந்த மயிர் அப்படிக் கறுத்து நாறினால் கொம்பன் இன்னும் தேடலில்தான் இருக்கிறது என்று அர்த்தம். தம்பி அம்பு விடவில்லை, இடையில் சோளத்தண்டு மறைத்தது. அவரை நான் இங்கே பாராட்டுகிறேன்.

அந்தப் பின்னேரத்தில் குழலும் இல்லை, கொம்பு தட்டலும் இல்லை என்பதையும் பெடியள் கவனிக்க வேணும். நவம்பரில் பலமாக மோதி எழுப்பும் சத்தம் டிசம்பரில் ஏற்கெனவே அடிபட்ட மானை விரட்டிவிடலாம். கண்ணில் பட்ட கொம்பன் விலகிப் போகும்போது மெதுவாக ஒருதரம் உறுமிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

காலையில் போவதா பின்னேரம் போவதா என்ற கேள்விக்கும் இத்தோடு பதில் சொல்லிவிடுகிறேன். பிந்திய பருவத்தில் பின்னேரம்தான். விடியமுதல் இருட்டில் போனால் மான் இன்னும் வயலில் நிற்கும், உங்கள் சப்பாத்துக்குக் கீழே உறைபனி அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போடும், அந்த வயல் பல நாளைக்குக் கெட்டுவிடும். மத்தியானத்துக்குப் பிறகு, மான் படுக்கையில் இருக்கும்போது, காற்று படுக்கையிலிருந்து உங்கள் பக்கம் வீசும்படி சுற்றிப் போய் இருங்கள். பின்னேரம் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வடியும். மேட்டில் இருப்பவரின் மணம் கீழே சதுப்புக்குள் போய்ச் சேரும். இரண்டு நல்ல இடங்கள் இந்த வருடம் இப்படித்தான் வீணாகின. சூரியன் 4.45 மணியளவில் மறையும். அதன் பிறகு அரை மணி நேரம் மட்டுமே சட்டப்படி வேட்டை. மான் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த அரை மணியில்தான். நேரம் முடிந்ததும் துப்பாக்கியை வெறுமையாக்கி உறையில் போட வேண்டும், மான் முன்னாலே வந்து நின்றாலும்.

அப்புறம், பெண்மான் மூத்திரம் என்று போத்தலில் விற்கும் வாசனைகள். ஒருவர் எல்லை தாண்டிப் போய் வாங்கி வந்து எல்லோருக்கும் பங்கு கொடுக்கப் பார்த்தார். நல்ல மனம், ஆனால் ஒன்ராறியோவில் மான் இனங்களின் உடல் திரவத்தால் செய்த வாசனையை வேட்டைக்குப் பயன்படுத்துவதும் அதற்காக வைத்திருப்பதும் குற்றம். காரணம் மான்களைத் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய். 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய், 2018இல் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ஒரு மான் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. மூத்திரம், எச்சில், மண் வழியாகவும் பரவும், மருந்து கிடையாது. செயற்கை வாசனை போதும். உண்மையைச் சொன்னால் அதுவும் தேவையில்லை.

டேக், அதாவது ஒரு மானைச் சுட அனுமதிக்கும் சீட்டு, விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து கொம்பன்கள் கொம்பை உதிர்க்கத் தொடங்கும். மெலிந்ததும் காயப்பட்டதும் முந்தி உதிர்க்கும். எங்கள் சட்டத்தில் 7.5 சென்டிமீற்றருக்குக் குறையாத கொம்பு ஒன்றாவது இருந்தால்தான் அது கொம்புள்ள மான். இரண்டும் விழுந்த கொம்பன், எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும், சட்டப்படி கொம்பில்லாத மான். கையில் கொம்புள்ள மானுக்கான டேக் மட்டும் வைத்திருப்பவர் அதைச் சுட முடியாது. கொம்பில்லாத மானுக்குக் குலுக்கலில் டேக் கிடைத்திருக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் கழுத்துத் தடிப்பைப் பார்த்து “இது கொம்பன்தான்” என்று முடிவெடுக்க வேண்டாம், தொலைநோக்கியால் தலையைப் பாருங்கள். விழுந்ததும் மானை அசைக்கமுதல் டேக்கில் திகதியை வெட்டுங்கள். மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வேட்டைக்கே போகாவிட்டாலும், பருவ முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும். 2019 முதல் அது கட்டாயம். இன்னும் கொடுக்காதவர்கள் இன்றைக்குத் தேநீர் இடைவேளையில் என்னிடம் வரலாம், போனிலேயே செய்து முடிக்கலாம்.

நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஏரிக்காற்று கொண்டுவரும் பனி கொட்டி நெடுஞ்சாலை 11 மூடப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் வடக்கே திட்டமிட்டிருந்த முகாமை ரத்துச் செய்தோம். முற்பணம் திரும்பக் கிடைக்கவில்லை, இதில் சிலருக்கு மனக்குறை உண்டு. ஆனால் அந்த ஆழத்துப் பனியில் மான் சீடர், ஹெம்லாக் தோப்புகளுக்குள் கூட்டமாக ஒதுங்கிவிடும். லோரிங் பக்கம் பல கிலோமீற்றர் தூரத்திலிருந்து வந்து ஒதுங்குகின்றன. அந்த இடத்துக்குள் நுழைந்து கலைப்பது, சேமித்த கொழுப்பில் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும் மான்களை வீணாக ஓடவைப்பது. போகாமல் விட்டது நல்லதே என்பது என் கருத்து. நிருவாக சபையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

காணி அனுமதி. ஒரு பண்ணையை இந்த வருடம் இழந்தோம். மழை பெய்த நாளில் யாரோ ஒருவர் வாகனத்தைக் குளிர்காலக் கோதுமைக்குமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பண்ணைக்காரருக்குப் பனி உருகிய பிறகும் தடம் தெரியும். மன்னிப்புக் கேட்டுப் போனோம், மரியாதையாகப் பேசினார், அனுமதி தரவில்லை. மிச்சமிருக்கும் பண்ணைகளுக்குக் கோடையில் வேலி கட்டவும் கல் பொறுக்கவும் போன அங்கத்தவர்களுக்கு நன்றி. வேட்டையில் பாதி அந்த வேலைதான்.

பாதுகாப்பில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. மரத்தில் ஏறும் உறைந்த ஏணியில் வழுக்கிய ஒருவர் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டி போட்டிருந்ததால் தொங்கினார், சிராய்ப்போடு முடிந்தது. டிசம்பர் துப்பாக்கி வாரத்தில் அம்பு வேட்டைக்காரரும் செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் போட வேண்டும். மான் பயந்துவிடும் என்று சிலர் கழற்றி வைப்பதாகக் கேள்வி. மானுக்குச் செம்மஞ்சள் எங்களுக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே வெள்ளாவி போட்டதுபோல் நீலமாய் மினுங்கவைக்கும் சோப்பில் உடுப்பைத் தோய்க்காமல் இருந்தால் போதும்.

இறைச்சி பற்றி வழமையான இரண்டு வேண்டுகோள். கொண்டாட்டங்களில் “கிலோ என்ன விலை” என்று கேட்பவர்களுக்குச் சிரித்துவிட்டு, விற்கச் சட்டம் இல்லை என்று சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரு பொதி சும்மா கொடுங்கள். மற்றது ஈரல். எங்களவருக்கு ஈரல் வறுவல் என்றால் உயிர். ஆனால் காட்டு மானின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கும் என்பதால் சாப்பிட வேண்டாம் என்பதே இங்குள்ள அறிவுரை. வருடாந்த விருந்தில் இந்தமுறை ஈரல் இருக்காது. பின்தொடைப் பிரட்டலும் எலும்பு ரசமும் உண்டு, சமையல் குழு காலையிலிருந்தே வேலை செய்கிறது.

வரும் வருடத்துக்கு நிருவாக சபை முன்வைப்பது: செப்டம்பரில் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து எந்த வயலில் சோளம் நிற்கப்போகிறது என்று குறித்து வைப்பது, நவம்பர் முடிந்ததும் அந்த வயல்களை ஒரு வாரமாவது ஆளே போகாமல் ஆறவிடுவது, டிசம்பரில் ஒரு வயலுக்கு ஒரு நாளில் ஒருவர் என்று முறை போடுவது. முறைப்பட்டியலை யார் வைத்திருப்பது என்பதை இன்று சபை தீர்மானிக்க வேண்டும்.

இவ்வறிக்கையைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்