எத்தனை மணி நேரம் அல்ல, எத்தனை வேகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தீவு மின்கட்டமைப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெயிலும் காற்றும் நிலையில்லாதவை, அதனால் மின்சாரத்தின் அதிர்வெண் தடுமாறுகிறது, பெரிய பேட்டரி வைத்தால் தீர்ந்தது என்கிறார் கட்டுரையாளர். பாதிதான் சரி.

2 மெகாவாட் சுமையுள்ள ஒரு சிறிய கிரிட் (மின்கட்டமைப்பு) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 200 கிலோவாட் தந்துகொண்டிருந்த எந்திரம் சட்டென்று நின்றுவிடுகிறது. பெரிய கிரிட்டில் இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே, மற்ற எந்திரங்களின் சுழற்சியில் இருக்கும் ஆற்றல் 2 விநாடிச் சுமைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டாலும், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விநாடிக்கு 1.25 ஹெர்ட்ஸ் வீதம் சரியும். டீசல் ஜெனரேட்டரின் வேகத்தைச் சரிசெய்யும் கவர்னர் சுதாரிப்பதற்குள், பாதுகாப்பு ரிலேக்கள் ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் பீடர்களை ஒவ்வொன்றாகத் துண்டிக்கத் தொடங்கலாம். டீசலைக் குறைக்கக் குறைக்க அந்தச் சுழலாற்றலும் குறையும், சரிவு இன்னும் வேகமெடுக்கும். கால் விநாடிக்குள் பேட்டரி அந்த 200 கிலோவாட்டைக் கொடுத்துவிட்டால், சரிவு 0.3 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் அப்புறம்.

சூரியத் தகடு, பேட்டரி ஆகியவற்றின் நேர்மின்சாரத்தை கிரிட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் ரகத்தையும் கட்டுரை தொடவில்லை. வழக்கமான இன்வெர்ட்டர் கிரிட்டின் மின்னழுத்த அலையைப் பின்தொடரும். அலை இல்லையென்றால் அணைந்துவிடும். டீசலை முழுதாக நிறுத்த வேண்டுமானால், தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டரோ சுழலும் எந்திரமோ ஒன்றாவது வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கிங் தீவில் பேட்டரியோடு, சுழன்றபடி ஆற்றலைச் சேமிக்கும் ஃப்ளைவீலும் 1.5 மெகாவாட் மின்தடையமும் (ரெசிஸ்டர்) வைத்திருக்கிறார்கள். உபரிக் காற்று மின்சாரத்தை அந்த மின்தடையம் வெப்பமாக எரிக்கும். காற்று தணிந்தால் எரிப்பதை நொடியில் குறைத்து, அந்த மின்சாரத்தை ஊருக்கு விடும். ஸ்பெயினின் எல் ஹியரோ தீவில் 2014-இல் தொடங்கிய காற்று-நீர் மின்நிலையம் இன்னும் சுவாரசியம். காற்றாலை மின்சாரத்தில் மேல் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, நீர் டர்பைனையும் ஓட விடுகிறார்கள். பார்ப்பவருக்கு வெட்டி வேலை. அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சுழற்சிதான்.

சூரிய நிலையங்களே இந்த வேலையைச் செய்யலாம். எப்போதும் கிடைப்பதில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டு ஓட்டினால், அதிர்வெண் இறங்கும்போது உடனே கூட்டித் தர முடியும். ஆனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று மட்டும் பணம் வாங்குகிற நிலையம் எதற்காக உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்? அந்த இழப்பை யார் ஏற்பது என்பது பற்றி அடுத்த கட்டுரையில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்