இரண்டு வருடம் என்று சொன்னது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நான்கு நாள்களாக நீ போனை எடுக்கவில்லை. குழந்தையின் படம் மட்டும் வருகிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது. அவளுடைய நெற்றி அப்படியே தன் நெற்றிதான் என்று உன் அப்பா வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு படத்திலும் உன் முகம் இல்லை, கை மட்டும்தான் தெரிகிறது. பேத்தியைப் பார்த்தால் எனக்குப் போதும், மகளைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிட்டாயா?

போனில் பேசினால் நான் கேள்வி மேல் கேள்வி கேட்பேன், நீ 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அவள் தூங்கும்போது படி. இல்லை, அவள் தூங்கும்போது நீயும் தூங்கு, பிறகு படி.

முதலில் வலி. போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளை மார்பில் வைத்தாய். அந்த நொடியில் நீ பல்லைக் கடித்து மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஆரம்ப நாள்களில் குழந்தை வாய் வைத்ததும் சுரீர் என்று இருப்பது உண்டு. அது சில நொடிகளில் அடங்கிவிட வேண்டும். குடித்து முடிக்கும் வரை வலித்தாலோ, காம்பு வெடித்தாலோ அவள் சரியாகப் பிடிக்கவில்லை, காம்பை மட்டும் சப்புகிறாள் என்று அர்த்தம். அவளுடைய வயிறு உன் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், மூக்குக்கு நேரே காம்பு இருக்கட்டும். வாயை நன்றாக அகலத் திறக்கும் வரை காத்திரு. திறந்ததும் அவளை உன் பக்கம் அணைத்துக்கொள், நீ அவள் மேல் குனியாதே. மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, கருவட்டம் மேலே கொஞ்சம் தெரிந்து கீழே மறைந்துவிட்டால் பிடி சரி. சரியில்லை என்றால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி வை. பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை. பொறுத்துக்கொள்ளாதே. செருப்பு கடித்துக் கால் புண்ணான பிறகும் சொல்லாமல் இரண்டு நாள் பள்ளிக்கு நடந்தவள் நீ. அந்தப் பிடிவாதம் எனக்குப் பெருமைதான், ஆனால் இந்த விஷயத்தில் அது வேண்டாம்.

அடுத்தது, பால் போதுமா என்ற கேள்வி. அதைத்தான் நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் பேச்சை மாற்றிவிட்டாய். அவள் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை குடிப்பாள், சாயங்காலம் ஆனால் விட்டு விட்டு இரண்டு மணி நேரம் மார்பிலேயே கிடப்பாள். அதைப் பால் பற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த குழந்தைகள் அப்படித்தான். பற்றுகிறதா என்பதை டயப்பர் சொல்லும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாக நனைக்க வேண்டும், சிறுநீர் வெளிறி இருக்க வேண்டும். எடை முதல் சில நாள்களில் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். உன் மகள் திரும்பிவிட்டாள் என்று நீயே எழுதியிருந்தாய். பிறகு ஏன் ஒவ்வொரு வேளையையும் நிமிடக் கணக்கில் எழுதிவைக்கிறாய்? மாப்பிள்ளை சொன்னார், கோபித்துக்கொள்ளாதே. மார்பு முன்போல் கனக்கவில்லை என்றாலும் பயப்படாதே, சில வாரங்களில் உடம்பு அவளுடைய தேவையைப் புரிந்துகொண்டு அளவாகச் சுரக்கும். பம்ப் வைத்து எடுத்தால் கொஞ்சம்தான் வருகிறது என்றும் கணக்குப் போடாதே. குழந்தையின் வாய்க்கு வருகிற அளவு பம்புக்கு வராது.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளே எழுந்து நடந்தாய், மூன்றாம் நாள் வரை மஞ்சளாகக் கெட்டியாகச் சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலை ஒரு துளி வீணாக்காமல் கொடுத்தாய். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம் என்று யாரும் உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியும் விடாமல் கொடுத்தாயே, அது சின்ன விஷயமா?

தண்ணீர் கொடு என்று உன் அத்தை சொல்வார். கொடுக்காதே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வெயில் நாளிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம், பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி. மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் பால் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கு, நீயாகப் பாலையும் நிறுத்தாதே, மாத்திரையையும் நிறுத்தாதே. மார்பில் ஓரிடம் சிவந்து கெட்டியாகிக் காய்ச்சல் அடித்தால் உடனே காட்ட வேண்டும். அப்போதும் பால் கொடுக்கலாம். பொறுத்துக்கொள்ளாதே, முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

இரவு வேளையை மட்டும் விட்டுவிடாதே. பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளைக்கு மார்பிலிருந்தும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உடம்பு இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று குறைத்துக்கொண்டே போகும், கடைசியில் ஒன்றும் இருக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது.

ஆமாம், எனக்குத்தான். உனக்கு நான் இரண்டு வருடம் கொடுக்கவில்லை, கண்ணம்மா. மூன்றாவது மாதம் முடிவதற்குள் நின்றுவிட்டது. இரண்டு வருடம் குடித்தவன் உன் தம்பி.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். நடுவில் நீ அழுவாய், பால் பற்றவில்லை என்று சுற்றி இருந்தவர்கள் சொல்வார்கள், புட்டி வரும். நீ அதைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவாய், அடுத்த வேளை மார்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாய். கல்லாகக் கட்டிக்கொண்டிருந்த மார்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துபோனது. எனக்குப் பால் இல்லாமல் இல்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்திருந்தால் இருந்திருக்கும். உன் தம்பி பிறந்தபோது ஒரு மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார், அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முழுக்கப் புட்டிக்கு மாறிய முதல் இரவு நீ நான்கு மணி நேரம் தூங்கினாய். நானும் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்துத்தான் இத்தனை வருடம் வெட்கப்பட்டேன். பெரியம்மா வந்தால் புட்டியைத் துணிக்கடியில் ஒளிப்பேன். தம்பி பிறந்த பிறகு 'இரண்டு பேருக்கும் இரண்டு வருடம்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை. நான் அதைச் சொல்லும்போதெல்லாம் உன் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், நீ கவனித்திருக்கிறாயா? அந்தப் புட்டிகளைக் கழுவியவர் அவர்.

நீ கருவுற்றிருந்தபோது உன்னிடமும் அதையே சொன்னேன். 'உங்களால் முடிந்தது என்னாலும் முடியும்மா' என்றாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் வீடியோவில் மேசையைக் காட்டாமல் சட்டென்று போனைத் திருப்பினாய். மேசையில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். நீ திருப்பிய அந்த வேகம் நான் துணிக்கடியில் ஒளித்த வேகம்தான், அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குப் புட்டிப்பால் கொடுக்கிறாய் என்றால் கொடு. டப்பாவில் போட்டிருக்கும் அளவு தப்பாமல் கலக்க வேண்டும், மிச்சப்படுத்த நினைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதே. தாய்ப்பாலையும் தொடர வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் வழி இருக்கிறது. முதலில் மார்பு, பிறகு புட்டி. அவளைத் துணி இல்லாமல் உன் நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொள். தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் நேரில் பார்த்தால் நான் இங்கிருந்து எழுதுவதைவிட நன்றாகப் பிடிக்கவைப்பார். நிறுத்த நினைத்தாலும் ஒரே நாளில் நிறுத்தாதே, பால் கட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வேளையாகக் குறை. எதைச் செய்தாலும் நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். நான் 'அந்தக் காலத்தில்' என்று ஒரு வார்த்தை ஆரம்பிக்க மாட்டேன்.

இன்னொன்று. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். உனக்கு இன்று 24 நாள். இன்னும் அழுகை நிற்கவில்லை என்றாலோ, அவள் தூங்கியும் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றாலோ, அவளைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றாலோ, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் உடம்புக்கு வருகிற ஒன்றுதான், குணமாகும். நானும் அதை யாரிடமும் சொல்லவில்லை. நீ மாப்பிள்ளையிடம் இன்றே சொல், கூட்டிப்போகச் சொல்.

நான் வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன். வர வேண்டாம் என்றாலும் எழுது, வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தப்படுவேன், ஆனால் வரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் அழைப்பேன். மேசையை ஒதுக்கி வைக்காதே, இருக்கிறபடி இருக்கட்டும். அவளை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீ மட்டும் ஐந்து நிமிடம் உட்கார். எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா