வெளிச்சவீட்டடி அக்காவுக்கும் நெடுந்தீவு உறவுகளுக்கும்

அன்பான ஊரவர்களே,

அம்மா நேற்றுக் காலை மாவலி இறங்குதுறையில் தன்ர காலாலேயே இறங்கி நடந்தா. பிடிக்கப் போன என்ர கையைத் தட்டிவிட்டா. பதினாறு நாளைக்கு முதல் அதே துறையில் இருந்து அவவை எப்படி ஏற்றி அனுப்பினீர்கள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பி எழுத எனக்கு இப்போதைக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் படுத்தால் நித்திரை வராது போல் இருந்தது, அதனால்தான் வந்த மறுநாள் இரவே இதை எழுதுகிறேன்.

சோளகக் காற்று அப்படி இரைந்த நேரத்தில் படகை இறக்கிய தம்பிமார், கதிரையோடு அம்மாவைத் தூக்கி வந்தவர்கள், எங்கட ஆஸ்பத்திரியில் இருந்து அக்கரைக் குறிகட்டுவான் துறை வரை மருந்துப் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி நனைந்துகொண்டே வந்த தாதித் தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் கேட்ட உடனே வந்து இரத்தம் தந்த பெடியள், கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள், தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தியவர்கள், வெளிநாட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து விசாரித்த சொந்தங்கள், உங்கள் எல்லாருக்கும் நானும் அம்மாவும் கடமைப்பட்டிருக்கிறோம். பேர் பேராகச் சொல்ல வெளிக்கிட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். தவறாக நினைக்க வேண்டாம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட எழுத வேண்டும். பேர் போடக்கூடாது என்று அவ கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கிறவ, ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி வெளிச்சவீட்டடி அக்கா என்றே எழுதுகிறேன்.

அம்மாவைப் படகில் ஏற்றும்போது அவ "மாடு, மாடு" என்று முனகிக்கொண்டு இருந்தாவாம். காய்ச்சலில் பிதற்றுகிறா என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். குறிகட்டுவானில் நான் வாங்கி ஏற்றியபோதும் அதையேதான் சொன்னா. பெற்ற பிள்ளை எனக்கே விளங்கவில்லை. அந்த அவதியில் வீட்டில் கட்டி நிற்கிற பசுவோ அதன் கன்றோ ஒரு கணம்கூட என்ர நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள்தான் திடுக்கிட்டு நினைத்தேன். அப்போது அம்மா கண் திறக்காத நேரம். செத்தால் சாகட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

வேறு யாரையோ வழியனுப்ப அன்றைக்குத் துறைக்கு வந்து நின்ற அக்காவுக்கு அது விளங்கியிருக்கிறது. அவ எங்களுக்குச் சொந்தமில்லை. பக்கத்து வீடும் இல்லை. அம்மாவுக்கு அவவை முகம் தெரியும், கோயில் திருவிழாவில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எங்கட தீவு முனைக்கு முனை நல்ல தூரம். வெளிச்சவீட்டுப் பக்கம் வீடுகள் விட்டு விட்டுத்தான் இருக்கும். அங்கே இருந்து அவ விடியப் புறம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா சைக்கிளில் எங்கட வளவுக்கு வந்திருக்கிறா. ஒரு நாளும் தவறவில்லை. வெறுஞ் சைக்கிள் இல்லை, பின்னால் இரண்டு தண்ணீர்க் கான். இந்த மாதங்களில் எங்கட கிணறு உவர்த்துவிடும், மாடு வாய் வைக்காது என்பது அவவுக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கல்வேலிக்கு வெளியே வந்து நிற்கிற குதிரைகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் போவாவாம்.

நேற்று வீட்டுக்குள் போனவுடன் நான் கண்டதைச் சொல்கிறேன். குடத்தில் தண்ணீர் நிறைந்து மூடியிருந்தது. முற்றம் கூட்டியிருந்தது. வளவில் கட்டை அடித்த குழிகள் அங்கங்கே இருந்தன. ஒரே இடத்தில் கட்டினால் மேய்ச்சல் போய்விடும் என்று கட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி இடம் மாற்றிக் கட்டியிருக்கிறா. புல் கருகிய மூலையில் கிழித்துப் போட்ட பனையோலையின் ஈர்க்கு குவிந்து கிடந்தது. கொட்டில் சுவரில் கரியால் கோடுகள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கோடு, சில வரிசையில் இரண்டு. நடுவில் இரண்டு இடத்தில் கோட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா பார்த்த உடனே சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா.

கோடு ஒவ்வொன்றும் விற்ற ஒரு போத்தல் பால். அதற்குரிய காசு ஒரு சதம் குறையாமல் பால்மாப் பேணிக்குள் பழைய கடதாசியில் சுற்றி இருந்தது. வட்டம் போட்ட இரண்டு நாளும் காற்றுக் கடுமையாம், பால் எடுக்க ஆள் வரவில்லையாம். "அண்டைக்குக் கண்டுக்கே விட்டிட்டன், கணக்கில பிழை வரக்கூடாது எண்டு வட்டம் போட்டன்" என்று அக்கா சொன்னா. காசில் பாதியாவது எடுங்கோ என்று அம்மா கெஞ்சினா. "மாடு உங்கடது, நான் தண்ணிதானே வைச்சனான்" என்றா. கடைசியில் ஒரு போத்தல் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்கு முன்னம் எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போனா.

பத்து வருசமாக நான் அம்மாவிடம் ஒரே கதைதான் கதைத்து வந்திருக்கிறேன். மாட்டை வில், வீட்டைப் பூட்டு, யாழ்ப்பாணத்துக்கு வந்து என்னோடு இரு. தீவில் யார் இருக்கிறார்கள், அந்தர ஆபத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பேன். கல்வேலி மட்டும் நின்று உள்ளே வீடில்லாத வளவுகள் எங்கட ஒழுங்கையிலேயே எத்தனை. என்ர கேள்விக்கு அவைதான் பதில் என்று நினைத்திருந்தேன். போனவர்களை எண்ணினேனே தவிர, இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவில்லை. இனி அந்தக் கதையை அம்மாவிடம் எடுக்க மாட்டேன். ஊரறிய எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். வருகிற சோளகத்துக்கு என்ர லீவு முழுவதும் இங்கேதான். அக்காவின் வளவுக்கு இரண்டு கான் தண்ணீர் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரத்தம் தந்த பெடியளின் பட்டியலில் என்ர பேரையும் போட்டுக்கொள்ளுங்கள். இரவு எந்த நேரம் படகு வந்தாலும் குறிகட்டுவானுக்கு வாகனம் பிடித்துக்கொண்டு வந்து நிற்பேன். கூச்சப்படாமல் போன் எடுங்கள்.

கொட்டிலுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறா. இன்றைக்குப் பின்னேரம் அவவே மெல்ல நடந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தா. மாடு இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, படலையைப் பார்த்துக் கத்தியது. அக்காவின் சைக்கிள் வருகிற நேரம் அது.