சிரிங்க என்று சொன்னால் சிரிப்பு வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டோவுக்கு நிற்கும்போது தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலையை இப்படிச் சாய், தோளை அப்படித் திருப்பு, கண்ணாடி முன்னால் நின்று பழகு என்று எல்லா வேலையையும் படத்தில் நிற்பவர் தலையிலேயே கட்டிவிட்டீர்கள், கேமராவைப் பிடித்திருப்பவருக்கு ஒரு வரிகூட இல்லை. பாதிக் கூச்சம் அவரால்தானே வருகிறது! (கட்டுரையோடு வந்த படத்தில் இருந்தவரே விறைப்பாகத்தான் நின்றார்.)

முதலில் அந்தக் கண்ணாடி யோசனை. கண்ணாடியில் நாம் தினமும் பார்த்துப் பழகியது இடவலம் மாறிய முகம். மற்றவர்களுக்குப் பழகியது நேர் முகம். 1977-இல் வந்த ஓர் ஆய்வில் ஒருவரின் படத்தையும் அதையே இடவலம் மாற்றிய படத்தையும் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது, அவரவர் பெரும்பாலும் கண்ணாடி முகத்தைக் காட்டினார்கள், நண்பர்களோ நேர் முகத்தை. படத்தில் என் முகம் கோணலாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் தூரம். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் ஐந்து அடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018-இல் மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். மூக்கின் மேல் தப்பில்லை. எடுப்பவர் நாலு எட்டு பின்னால் போய், கொஞ்சம் ஜூம் செய்து எடுத்தால் சரியாகிவிடும்.

சிரிப்பு விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். மனசார வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், அது சொன்னபடி கேட்கிற தசை இல்லை என்று துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னமும் "சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று அதட்டிக்கொண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணி, மூன்றுக்குள் அந்த மனுஷர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச சிரிப்பும் உறைந்த பிறகு பட்டனை அழுத்துகிறோம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடையிடையே எடுத்துத் தள்ளுங்கள். கண் மூடிய படம் வந்தால் எல்லோருக்கும் காட்டிச் சிரிக்காதீர்கள். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிற கண் அது, யாரைக் குற்றம் சொல்ல?

நிற்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு காலில் எடையைப் போட்டு நின்றாலே பாதி விறைப்பு போய்விடும். தாடையை லேசாக முன்னால் நீட்டி இறக்கலாம், மூச்சை வெளியே விடலாம். கையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலரும் தவிக்கிறார்கள், எதையாவது பிடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் கட்டைவிரலை மட்டும் பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளட்டும்.

எடுப்பவர்களுக்கும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். நிற்பவர் பிடிக்கவில்லை என்று சொன்ன படத்தை அங்கேயே, அவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும் என்பதை அதில் முதல் வரியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்