மோசம் போனதும் மோசடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோன் நகரின் தாம்வே பகுதியில் சீட்டுப் பணம் திரும்பி வராமல் போன செய்தியைத் தாங்கள் சென்ற வாரம் ‘சீட்டு மோசடி’ என்ற தலைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். அந்தச் சீட்டில் பணம் கட்டி இழந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆயினும், அந்தத் தலைப்பிலுள்ள ‘மோசடி’ என்னும் சொல் அங்கே பொருந்தவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

‘மோசம் போனேன்’ என்று நாம் சொல்லும்போது, ஒருவரிடம் ஏமாந்ததையும் குறிக்கிறோம், யார் மீதும் தவறில்லாமல் பொருளை இழந்ததையும் குறிக்கிறோம். இப்போதோ சாம்பாரில் உப்பு கூடினாலும் ‘மோசம்’ என்கிறோம். அந்தத் தளர்ச்சி ‘மோசடி’க்கும் தொற்றிக்கொண்டதால், பணம் போன இடத்திலெல்லாம் வஞ்சகம் இருந்ததாக எழுதிவிடுகிறோம். வள்ளுவர் ‘வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்’ என்றபோது மனத்தை முதலில் வைத்து, நடத்தையை அதன் பின்னரே வைத்தார்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. எங்கள் வீட்டில் ஏமாற்றுக்காரனை இன்றும் ‘ஃபோர் டுவென்டி’ என்றுதான் திட்டுவோம். 1860-இல் இந்தியாவில் இயற்றிய தண்டனைச் சட்டம், 1937-இல் பர்மா (இன்றைய மியான்மர்) தனியே பிரிந்த பிறகும் இங்கே நீடிப்பதால், 420-ஆம் பிரிவு இன்றும் அதே குற்றத்திற்கே உரியது. இந்தியாவிலோ 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. அங்கே அந்த வசைச்சொல் தன் எண்ணைத் தொலைத்துவிட்டு நிற்பது ஒரு வேடிக்கை. அந்த 420-க்கு அடிப்படையான 415-ஆம் பிரிவின்படி, ஏமாற்றித்தான் பொருளைக் கொடுக்க வைத்திருக்க வேண்டும். அதாவது, பணம் கைமாறும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாங்கிய பின் தர முடியாமல் போவது கடன். நம்பிக் கொடுத்ததைக் கையாடுவது வேறு குற்றம், அதற்கு வேறு பிரிவு.

சீட்டு நடத்திய அந்த அக்காவின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பச்சை அட்டை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிறு புள்ளிகள். சீட்டு எடுத்தவர்களில் மூவர் தவணை கட்டுவதை நிறுத்தியதும், அவர் முதலில் விற்றது தம் தையல் இயந்திரத்தை. அதன் பிறகும் ஐயாயிரம், பத்தாயிரம் கியாட் என்று கொடுத்து ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு எதிரே நான்கு புள்ளிகள் இருக்கின்றன. ஆளே இல்லாத பெயர்களை நோட்டில் எழுதிச் சீட்டெடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவன் ஒருவனையும் எனக்குத் தெரியும். அவன் செய்தது பித்தலாட்டம், அதை அப்படியே அச்சிடலாம். இருவருக்கும் ஒரே சொல்லைத் தருவதுதான் எனக்குச் சரியாகப்படவில்லை. இப்போது அந்த அக்கா சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

வழக்கு முடியும்வரையேனும் ‘சீட்டுப் பணம் நிலுவை’ என்றோ ‘மோசடிப் புகார்’ என்றோ தாங்கள் எழுதலாம். சென்ற வாரத் தலைப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாம்வே வாசகி ஒருத்தி,
யாங்கோன்.